அஞ்சு நிமிஷ ரெக்கார்டிங்ல எச்ஆர்வியும் பிபி ஏற்ற இறக்கமும் ஒழுங்கா எடுக்கிறது எப்படி

நேத்து வாட்ச்ல எச்ஆர்வி, அதாவது இதயத் துடிப்புகளுக்கு நடுவுல இருக்குற இடைவெளி எவ்வளவு ஆடுதுங்குற அளவு, 58 காட்டுச்சு, இன்னைக்கு 31தான் காட்டுது, எனக்கு ஏதாவது ஆயிடுச்சான்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது மூணே கேள்விதான். எவ்வளவு நேரம் எடுத்தீங்க, உக்காந்து எடுத்தீங்களா படுத்து எடுத்தீங்களா, அப்போ மூச்சு எப்படி இருந்துச்சு. நிறைய பேருக்கு இது மூணுமே ஞாபகம் இருக்காது. சின்ன ரெக்கார்டிங்ல வர்ற நம்பரை தாராளமா நம்பலாம், ஆனா எடுத்த நிலைமையையும் பக்கத்துல எழுதி வச்சிருந்தா மட்டும்தான் நம்பலாம், இல்லன்னா 58ம் 31ம் ரெண்டு வேற வேற ஆளோட நம்பர் மாதிரிதான்.

முதல்ல என்ன அளக்குறோம்னு பாத்துடலாம். இதயம் நிமிஷத்துக்கு 70 தடவை துடிக்குதுன்னா ரெண்டு துடிப்புக்கு நடுவுல சராசரியா 857 மில்லிசெகண்ட் இருக்கும், ஆனா ஒவ்வொரு இடைவெளியும் 857ஆ இருக்கவே இருக்காது, ஒண்ணு 820, அடுத்தது 850, அதுக்கடுத்தது 880ன்னு ஆடிக்கிட்டே இருக்கும், ஈசிஜில ஒவ்வொரு துடிப்புக்கும் உயரமா நிக்குற ஆர் முனை ரெண்டுக்கு நடுவுல அளக்குறதால இதுக்கு ஆர்-ஆர் இடைவெளின்னு பேரு. மூச்சை உள்ள இழுக்கும்போது இடைவெளி சுருங்கும், வெளிய விடும்போது நீளும், இது இதயத்தை மெதுவாக்குற வேகஸ் நரம்பு பண்ற வேலை. இது இல்லாம ரத்த அழுத்தத்துலயும் ஏறக்குறைய 10 செகண்டுக்கு ஒரு தடவை ஒரு மெதுவான அலை வந்துட்டுப் போகும், மேயர் அலைன்னு சொல்லுவாங்க, அந்த அலை துடிப்பு இடைவெளியிலயும் எதிரொலிக்கும். சின்ன ரெக்கார்டிங்ல நாம பிடிக்கப் பாக்குறது இந்த ரெண்டையும்தான், மூச்சோட வர்ற வேக ஆட்டம், 10 செகண்டுக்கு ஒருக்கா வர்ற மெது ஆட்டம்.

எவ்வளவு நேரம் எடுக்கணும்னா, ஒரு அலையை நம்பி அளக்கணும்னா அந்த அலை குறைஞ்சது ஒரு பத்து தடவையாவது நம்ம கண்ணு முன்னாடி வந்து போகணும், அவ்வளவுதான் கணக்கு. 1996ல ஐரோப்பிய கார்டியாலஜி சொசைட்டியும் வட அமெரிக்க பேஸிங் சொசைட்டியும் சேர்ந்து போட்ட வழிகாட்டுதல்ல மூச்சு சம்பந்தப்பட்ட ஹை ஃப்ரீக்வன்ஸிக்கு, அதாவது 0.15ல இருந்து 0.4 ஹெர்ட்ஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை அலைங்குற கணக்கு) வரைக்கும், சுமார் 1 நிமிஷம் போதும்னும், லோ ஃப்ரீக்வன்ஸிக்கு, அது 0.04ல இருந்து 0.15 வரைக்கும், சுமார் 2 நிமிஷம் வேணும்னும் சொல்லிட்டு, எல்லாரும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு 5 நிமிஷத்தை ஸ்டாண்டர்டா வச்சாங்க. அதுக்குக் கீழ வெரி லோ ஃப்ரீக்வன்ஸின்னு ஒண்ணு இருக்கு, 5 நிமிஷத்துல அதைப் பத்தி பேசவே வேண்டாம், சாஃப்ட்வேர் ஒரு நம்பர் துப்பும், அதை ரிப்போர்ட்ல இருந்து அடிச்சிடுங்க.

இந்த இடத்துல ஒரு பெரிய குழப்பத்தை தீர்த்துடணும். எஸ்டிஎன்என்னு ஒரு அளவு இருக்கு, எல்லா நார்மல் இடைவெளிகளோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது சராசரியில இருந்து எவ்வளவு சிதறுதுங்குறது, அவ்வளவுதான். இன்னொண்ணு ஆர்எம்எஸ்எஸ்டி, அடுத்தடுத்த ரெண்டு இடைவெளிக்கு நடுவுல இருக்குற வித்தியாசத்தை வச்சு போடுறது. ரெக்கார்டிங் நீள நீள எஸ்டிஎன்என் ஏறிக்கிட்டே போகும், ஏன்னா நேரம் போகப் போக மெதுவான அலைகள் எல்லாம் உள்ள வந்து சேரும், தூக்கம், நடை, சாப்பாடு எல்லாமே சேரும். 1987ல ஹார்ட் அட்டாக் வந்தவங்களை வச்சு பண்ண பிரபலமான ஆய்வுல எஸ்டிஎன்என் 50 மில்லிசெகண்டுக்குக் கீழ இருந்தவங்களுக்கு இறப்பு ஆபத்து அதிகம்னு வந்துச்சு, ஆனா அது உடம்புல மாட்டிக்கிட்டே சுத்துற ஹோல்டர் மெஷின்ல எடுத்த 24 மணி நேர ரெக்கார்டிங். அந்த 50ஐ தூக்கிட்டு வந்து தன்னோட 1 நிமிஷ நம்பர் பக்கத்துல வச்சுப் பாத்து ராத்திரி தூக்கம் இல்லாம கிடக்குறவங்களை நான் பாத்திருக்கேன், தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க, ரெண்டும் ஒரே பேர்ல இருக்குற வேற வேற அளவு. இன்னொரு விஷயம், ஆப்பிள் வாட்ச் ஹெல்த் ஆப்ல காட்டுறது எஸ்டிஎன்என், கார்மின், ஊரா மாதிரி மத்த நிறைய கருவி காட்டுறது ஆர்எம்எஸ்எஸ்டி, அதனால ஃப்ரெண்டோட நம்பரும் உங்க நம்பரும் ஒத்துப்போகலன்னா மொதல்ல ரெண்டு பேரும் ஒரே அளவைத்தான் பாக்குறீங்களான்னு பாருங்க. நேரம் ரொம்ப கம்மின்னா, 1 நிமிஷம்தான் கிடைக்கும்னா, ஆர்எம்எஸ்எஸ்டியை எடுங்க, குறைஞ்ச நேரத்தை தாங்குறது அதுதான்.

கருவி விஷயத்துக்கு நான் ரொம்ப நேரம் ஒதுக்க மாட்டேன். ஈசிஜி கிடைச்சா அதுதான் முதல் சாய்ஸ், சாம்பிளிங், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அளக்குதுங்குறது, 250 ஹெர்ட்ஸுக்கு குறையாம, 500 இருந்தா நிம்மதி. ஏன்னா 100 ஹெர்ட்ஸ்ல எடுத்தா ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல 10 மில்லிசெகண்ட் இருக்கு, ஆர்எம்எஸ்எஸ்டியே 15தான் இருக்குற ஒரு வயசானவருக்கு அந்த 10 என்ன பண்ணும்னு யோசிங்க. 500ல அது 2 மில்லிசெகண்ட் ஆயிடும். வீட்ல எடுக்குறவங்களுக்கு நல்ல செஸ்ட் ஸ்ட்ராப் போதும், ப்ளூடூத் ஹார்ட் ரேட் முறையில ஆர்-ஆர் இடைவெளி 1/1024 செகண்ட் அலகுல வருது, அது தாராளம். ஸ்ட்ராப்போட எலக்ட்ரோட் பகுதியை தண்ணில நனைச்சு மாட்டுங்க, காஞ்சு போய் இருந்தா முதல் ரெண்டு நிமிஷம் குப்பைதான் வரும். விரல்லயோ மணிக்கட்டுலயோ லைட் அடிச்சு எடுக்குற பிபிஜி சென்சார், அசையாம உக்காந்திருக்கும்போது ஈசிஜிக்கு கிட்டத்துல வரும், எழுந்து நின்னாலோ கை சில்லுன்னு இருந்தாலோ விலகும், ஏன்னா அது பாக்குறது இதயத்தை இல்ல, இதயத்துல இருந்து கிளம்பி விரலுக்கு வந்து சேர்ற அலையை, வழியில ஆகுற நேரமும் துடிப்புக்குத் துடிப்பு மாறும். எந்த ஆப் எடுத்தாலும் ரா ஆர்-ஆர் ஃபைலை, அதாவது எந்தக் கணக்கும் போடாத இடைவெளி வரிசையை, வெளிய எடுக்க விடுதான்னு பாருங்க, விடலன்னா வேற ஆப் தேடுங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

இப்போ உக்கார்றது. சிறுநீர் கழிச்சிட்டு வாங்க, முட்டிக்கிட்டு இருந்தா பிபி ஏறும், இதை ரொம்ப பேர் மறந்துடுறாங்க. அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட், எக்சர்சைஸ் எதுவும் வேண்டாம். வயிறு முட்ட சாப்பிட்ட உடனே எடுக்காதீங்க. படுத்து எடுக்கலாம், சாஞ்சு உக்காந்து எடுக்கலாம், ஆனா ஒரு தடவை முடிவு பண்ணிட்டா எல்லா நாளும் அதேதான். போய் உக்காந்ததும் ரெக்கார்ட் பட்டனை அமுக்காதீங்க, 5 நிமிஷம் சும்மா இருங்க, போன் பாக்காம, பேசாம, அப்புறம் தொடங்குங்க, அந்த 5 நிமிஷ அமைதி ரெக்கார்டிங்ல சேராது. வேற ஆளுக்கு எடுக்குறீங்கன்னா நீங்க ரூமுக்குள்ள நடக்குறது, கதவு திறக்குறது, "இன்னும் ரெண்டு நிமிஷம்தான் சார்"னு சொல்றது எல்லாமே சிக்னல்ல தெரியும், நான் அப்படி ஒரு வார்த்தை சொன்ன இடத்துல பிபி ஒரு மேடு மாதிரி ஏறி இறங்கினதை ஸ்க்ரீன்லயே பாத்தேன், அன்னைல இருந்து ரெக்கார்டிங் ஓடும்போது வாயே திறக்குறதில்ல.

மூச்சைப் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா சின்ன ரெக்கார்டிங்கை கெடுக்குறதுல முதல் இடம் இதுக்குத்தான். நிமிஷத்துக்கு 15 மூச்சு விட்டா அது 0.25 ஹெர்ட்ஸ், ஹை ஃப்ரீக்வன்ஸி பெட்டிக்குள்ள நடுவுல விழும். நிமிஷத்துக்கு 9க்குக் கீழ போனா 0.15க்குக் கீழ வந்துடும், மூச்சோட ஆட்டம் முழுக்க லோ ஃப்ரீக்வன்ஸி பெட்டிக்குள்ள போய் விழுந்துடும். தியானம் பழகினவங்க, பிராணாயாமம் பண்றவங்க, கண்ணை மூடி உக்காந்தாலே நிமிஷத்துக்கு 6 மூச்சுக்கு போயிடுவாங்க, அது 0.1 ஹெர்ட்ஸ், மேயர் அலை இருக்குற அதே இடம், ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி லோ ஃப்ரீக்வன்ஸி மலை மாதிரி நிக்கும். அதைப் பாத்துட்டு இவருக்கு ஸ்ட்ரெஸ் அதிகம்னு எழுதுற சாஃப்ட்வேர் இருக்கு. ஆளு உள்ள அவ்வளவு அமைதியா இருக்காரு, ரிப்போர்ட் அதுக்கு நேர் எதிரா சொல்லுது. அதனால மூச்சை எண்ணுங்க. நெஞ்சுல பெல்ட் இருந்தா நல்லது, இல்லன்னா பக்கத்துல உக்காந்து தோள்பட்டை ஏறி இறங்குறதை எண்ணி 1 நிமிஷத்துக்கு எத்தனைன்னு எழுதி வைங்க. தனியா எடுக்குறவங்க மெட்ரோனோம் ஆப் வச்சு நிமிஷத்துக்கு 12 இல்ல 15ன்னு விடலாம், ஆனா அப்படி கட்டுப்படுத்தி எடுத்ததை இயல்பா மூச்சு விட்டு எடுத்ததோட ஒப்பிடாதீங்க, ரெண்டையும் ரெண்டு தனி வரிசையா வைங்க.

எடுத்து முடிச்சாச்சு, இப்போ சுத்தம் பண்றது. நான் கெஞ்சிக் கேக்குறது இது ஒண்ணுதான், கணக்கு போடுறதுக்கு முன்னாடி ஆர்-ஆர் வரிசையை ஒரு கிராஃபா போட்டு கண்ணால பாருங்க. ஏன்னு காட்டுறேன். 820, 850, 880, 860, 830, 810ன்னு ஆறு இடைவெளி. அடுத்தடுத்த வித்தியாசம் 30, 30, மைனஸ் 20, மைனஸ் 30, மைனஸ் 20. வர்க்கம் போட்டு கூட்டினா 3500, அஞ்சால வகுத்தா 700, வர்க்கமூலம் சுமார் 26. ஆர்எம்எஸ்எஸ்டி 26 மில்லிசெகண்ட், முடிஞ்சுது, கால்குலேட்டர் போதும். இப்போ நடுவுல ஒரே ஒரு எக்டோபிக் பீட், அதாவது முந்திக்கிட்டு வர்ற துடிப்பு வந்துச்சுன்னு வைங்க, 880, 860 இருந்த இடத்துல 540, 1200 ஆயிடும், கூட்டிப் பாத்தா அதே 1740தான், ஆனா ஆர்எம்எஸ்எஸ்டி 366க்கு போயிடும். ஆறு இடைவெளிதானே, அதான் இப்படின்னு நினைக்காதீங்க, 5 நிமிஷத்துல இதே மாதிரி 350 இடைவெளி இருந்து அதுல இந்த ஒண்ணே ஒண்ணு மட்டும் இருந்தாலும் 26 இருக்க வேண்டியது 51 ஆயிடும். ஒரே பீட்! நேத்தைக்கும் இன்னைக்கும் எச்ஆர்வி ரெண்டு மடங்கு ஆயிடுச்சுன்னு சந்தோஷப்படுறவங்க எத்தனை பேர் இந்த ஒரு பீட்டைத்தான் கொண்டாடுறாங்களோ. அதுக்குத்தான் ரா ஃபைல் கேட்டேன்.

தப்பு எந்த வகைன்னு வரிசையைப் பாத்தே கண்டுபிடிச்சிடலாம். ஒரு குட்டை, உடனே ஒரு நெட்டை, ரெண்டும் சேர்ந்தா ரெண்டு நார்மல் அளவு வருதுன்னா பெரும்பாலும் எக்டோபிக். திடீர்னு 1680ன்னு ஒண்ணு நிக்குதுன்னா, அதாவது பக்கத்துல இருக்குறதைப் போல சரியா ரெண்டு மடங்குன்னா, மெஷின் ஒரு பீட்டை விட்டுடுச்சு, நடுவுல ஒண்ணு சேருங்க. 300, 540ன்னு ரெண்டு துண்டா வந்து கூட்டினா ஒரு நார்மல் இடைவெளி ஆகுதுன்னா, ஈசிஜில ஆர் முனைக்குப் பின்னாடி வர்ற டி அலையையோ அசைவையோ மெஷின் பீட்னு எண்ணிடுச்சு, ரெண்டையும் ஒண்ணாக்குங்க. எக்டோபிக்கை மட்டும் வெட்டித் தூக்கிட்டு ரெண்டு பக்கத்தையும் ஒட்டாதீங்க, ஒட்டின இடத்துல இல்லாத ஒரு வித்தியாசம் முளைச்சிடும், ஒண்ணு பக்கத்து பீட்களை வச்சு நடுவுல வர வேண்டிய அளவை கணிச்சு நிரப்புங்க (இன்டர்போலேட்), இல்லன்னா அந்த வித்தியாசங்களை கணக்குல இருந்து விட்டுடுங்க. பக்கத்து சராசரியில இருந்து 20 சதவீதத்துக்கு மேல விலகுறதை ஆட்டோமேட்டிக்கா கொடி காட்டச் சொல்லலாம், ஆனா இளவயசுக்காரங்க ஆழமா மூச்சு விட்டா நிஜமான துடிப்பே அவ்வளவு ஆடும், அதனால கொடி காட்டினதை நீங்க பாத்துத்தான் முடிவு பண்ணணும். 5 சதவீதத்துக்கு மேல திருத்த வேண்டி வந்தா அந்த ரெக்கார்டிங்கை விட்டுட்டு இன்னொரு தடவை எடுங்க, நான் அப்படித்தான் பண்றேன்.

எந்த வேகத்து ஆட்டம் எவ்வளவு இருக்குன்னு பிரிச்சுக் காட்டுற ஸ்பெக்ட்ரம் பண்ணணும்னா ஆர்-ஆர் வரிசையை 4 ஹெர்ட்ஸ்ல சம இடைவெளியா மாத்தி, மெதுவா சாயுற ட்ரெண்டை எடுத்துட்டு, வெல்ச் முறை (துண்டு துண்டா ஸ்பெக்ட்ரம் போட்டு சராசரி எடுக்குறது) போடுங்க, குபியோஸ்ங்குற எச்ஆர்வி சாஃப்ட்வேர்ல எல்லாம் தானா நடக்கும், பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு நியூரோகிட் லைப்ரரி இருக்கு. கையில டேட்டா இல்லாம பழகணும்னா ஃபிசியோநெட் வெப்சைட்ல இலவசமா ஈசிஜி ஃபைல்கள் கிடைக்குது. எல்எஃப்/எச்எஃப் விகிதத்தை, அதாவது லோ ஃப்ரீக்வன்ஸியை ஹை ஃப்ரீக்வன்ஸியால வகுத்ததை, சிம்பதெடிக் பேலன்ஸ்னு (உடம்பை முடுக்குற சிம்பதெடிக் நரம்புக்கும் வேகஸுக்கும் நடுவுல இருக்குற தராசுன்னு) சொல்றதை நான் நிறுத்தி ரொம்ப நாளாச்சு, லோ ஃப்ரீக்வன்ஸில வேகஸும் இருக்கு, பிபியைப் பாத்து இதய வேகத்தை சரி பண்ற பாரோரிஃப்ளெக்ஸும் இருக்கு, மேல சொன்ன மாதிரி மூச்சும் இருக்கு, அத்தனையும் கலந்த ஒண்ணை எடுத்து தராசுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

அடுத்து பிபி. இதுல ரெண்டு வேற வேற வேலை இருக்கு, கலக்கக் கூடாது. துடிப்புக்குத் துடிப்பு பிபி எப்படி ஆடுதுன்னு பாக்குறது ஒண்ணு, நாளுக்கு நாள் எப்படி ஆடுதுன்னு பாக்குறது இன்னொண்ணு. கையில சுத்தி காத்து அடிக்குற சாதாரண மெஷின் ஒரு ரீடிங் எடுக்கவே அரை நிமிஷத்துக்கு மேல எடுத்துக்கும், அதுக்குள்ள முப்பது நாப்பது துடிப்பு போயிடும், அதனால முதல் வேலையை அதால செய்யவே முடியாது. அதுக்கு விரல் கஃப் வேணும், 1973ல யான் பென்யாஸ்னு ஒரு செக் விஞ்ஞானி கொண்டு வந்த முறை, விரல்ல இருக்குற ரத்தத்தோட அளவு மாறவே விடாம கஃப் அழுத்தத்தை ஒவ்வொரு நொடியும் மாத்திக்கிட்டே இருக்கும், அந்த கஃப் அழுத்தம்தான் உங்க பிபி அலை. இதை வச்சிருக்குற லேப்ல வேலை பாக்குறவங்களுக்கு மூணு விஷயம். கை சூடா இருக்கணும், சில்லிட்ட விரல்ல சிக்னல் படுத்துடும். கை இதய மட்டத்துல இருக்கணும், 10 சென்டிமீட்டர் கீழ இறங்கினா பிபி சுமார் 8 எம்எம்எச்ஜி கூட காட்டும், ரெக்கார்டிங் நடுவுல ஆள் கையை மெல்ல நழுவ விட்டா நீங்க அதை வேரியபிலிட்டின்னு எழுதிடுவீங்க. மூணாவது, மெஷின் அப்பப்போ தன்னைத்தானே சரி பாத்துக்கும், அந்த நேரம் சில பீட்டுக்கு அலை தட்டையா நிக்கும், அது நல்லா செட்டில் ஆகுற வரைக்கும் ஓட விட்டுட்டு, உங்க 5 நிமிஷத்துக்கு மட்டும் அதை ஆஃப் பண்ணுங்க, முடிஞ்சதும் மறக்காம ஆன் பண்ணுங்க. விரல்ல வர்ற அளவு மேல்கைல வர்ற அளவுக்கு சமமா இருக்கணும்னு இல்ல, ஆட்டத்தைத்தான் அங்க நம்பணும், அளவுக்கு மேல்கை கஃப்ல ஒரு தடவை பாத்துக்கோங்க.

ஈசிஜியும் விரல் பிபியும் ஒண்ணா ஓடினா அழகான ஒரு விஷயம் கிடைக்கும். பிபி ஏறினா இதயம் மெதுவாகணும், இறங்கினா வேகமாகணும், பாரோரிஃப்ளெக்ஸ் அதைத்தான் பண்ணுது. சிஸ்டாலிக், அதாவது பிபில மேல இருக்குற நம்பர், 118, 120, 123, 125ன்னு வரிசையா ஏறி, கூடவே ஆர்-ஆரும் 820, 838, 866, 884ன்னு நீண்டுக்கிட்டே வந்தா அது ஒரு சீக்வன்ஸ், கோடு போட்டு சாய்வைப் பாத்தா 1 எம்எம்எச்ஜிக்கு சுமார் 9 மில்லிசெகண்ட். மூணு துடிப்பாவது தொடர்ந்து ஒரே திசையில போகணும், பிபி ஒவ்வொரு துடிப்புக்கும் குறைஞ்சது 1 மாறணும், ஏறுறதும் இறங்குறதும் ரெண்டையும் எடுத்து சராசரி போடுங்க. 5 நிமிஷத்துல கைவிரல் விட்டு எண்ற அளவுக்கு மட்டும்தான் சீக்வன்ஸ் கிடைச்சுதுன்னா சராசரியோட அந்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்க, படிக்கிறவங்களுக்கு அது தேவை.

வீட்டுல இருக்குற மெஷினால ரெண்டாவது வேலையை நல்லாவே செய்யலாம். கைக்கு சரியான சைஸ் கஃப், சின்ன கஃப் பிபியை கூட்டிக் காட்டும். முதுகு சாஞ்சு, பாதம் தரையில, கால் மேல கால் போடாம, 5 நிமிஷம் சும்மா இருந்துட்டு, 1 நிமிஷ இடைவெளில ரெண்டு ரீடிங், காலைல ராத்திரி ரெண்டு வேளை, 7 நாள். முதல் நாள் ரீடிங்கை சராசரில சேக்காதீங்க, புது மெஷின் பதட்டம் அதுல இருக்கும். காலை ஒரு வரிசை, ராத்திரி ஒரு வரிசைன்னு தனித்தனியா வைங்க.

ஆட்டத்தை எப்படி கணக்கு போடுறதுன்னு ஒரு உதாரணம், எட்டு நாள் எடுத்து முதல் நாளைக் கழிச்ச பிறகு மிச்ச ஏழு நாள் காலை சிஸ்டாலிக் 128, 134, 126, 131, 129, 138, 127ன்னு வைங்க. சராசரி 130, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 4.3. இதே ஏழு நம்பர் 126, 127, 128, 129, 131, 134, 138ன்னு வரிசையா ஏறி வந்திருந்தாலும் சராசரியும் டீவியேஷனும் அதேதான் வரும், ஆனா உடம்புல நடக்குறது ரெண்டும் ஒண்ணா? முதல் ஆள் தினமும் மேலயும் கீழயும் ஆடுறாரு, ரெண்டாவது ஆளுக்கு பிபி மெல்ல ஏறிக்கிட்டே போகுது. அதுக்குத்தான் அடுத்தடுத்த நாள் வித்தியாசத்தை மட்டும் எடுத்து, பிளஸ் மைனஸ் பாக்காம சராசரி போடுறது, ஏஆர்வின்னு சொல்லுவாங்க, முதல் ஆளுக்கு 6.8, ரெண்டாவது ஆளுக்கு 2. ஆர்எம்எஸ்எஸ்டி எப்படியோ அதே யோசனைதான் இதுலயும். முதல் ஆளுக்கு மாத்திரை நேரம் தவறுதான்னு கேக்கணும், ரெண்டாவது ஆளோட பேப்பரை டாக்டர் பாக்கணும்.

கிராஃப்ல எந்த ஒழுங்கும் இல்லாம இடைவெளி கண்டபடி சிதறிக் கிடந்தா, 620, 910, 540, 1030, 700ன்னு, மூச்சோட சேர்ந்து ஆடுற அலையே தெரியலன்னா, அதுக்கு ஆர்எம்எஸ்எஸ்டி போடாதீங்க. பிரமாதமான நம்பர் வரும், ஆப் பச்சை கலர்ல காட்டும், ஆனா அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ங்குற ஒழுங்கில்லாத இதயத் துடிப்பா இருக்கலாம், அதுல எச்ஆர்விக்கு அர்த்தமே கிடையாது, பிபி மெஷினும் ஒரு ரீடிங்குக்கும் அடுத்த ரீடிங்குக்கும் ஒட்டாம காட்டும். ரா ஃபைலையும் கிராஃபையும் அப்படியே எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போய் முழு ஈசிஜி எடுங்க. பேஸ்மேக்கர் வச்சிருக்கவங்களுக்கும் இந்த கணக்கு எதுவும் பொருந்தாது. இதயத் துடிப்பை மெதுவாக்குற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுறவங்க மாத்திரை போட்ட நேரத்தை ரெக்கார்டிங் நேரத்துக்கு பக்கத்துலயே எழுதி வைங்க, டோஸ் மாறின தேதில ஒரு கோடு போட்டு அதுக்கு முன்னாடி எடுத்ததையும் பின்னாடி எடுத்ததையும் தனித்தனியா பாருங்க.